கல்வராயன் மலையில் நான்கு கட்டங்கள்

1987 செப்டம்பர் 14, திங்கட்கிழமை. காலை 4.45-க்கு எழுந்தேன். மாடியில் வைத்திருக்கும் மழைமானியைப் பார்த்தேன், காலி. அதை நாட்குறிப்பில் எழுதினேன். குளித்து, வேட்டியை அலசிக் கொடியில் போட்டு, மூன்று இட்லி சாப்பிட்டு, ஐந்தே முக்காலுக்குள் பையைக் கட்டி முடித்தேன். பையில் இருந்தவை: ஐம்பது மீட்டர் நாடா ஒன்று, கட்டம் போட்ட நோட்டு இரண்டு, பென்சில் நான்கு, டார்ச், மாற்றுத் துணி இரண்டு, 1962-ஆம் வருட நாட்குறிப்பு.

“இடஒதுக்கீடு கேட்டு வியாழக்கிழமை ரோடு மறியலாம். வடக்கே போற பஸ் எல்லாம் நின்னுடுமாம்” என்றாள் என் மனைவி சரோஜா. “அடுத்த வாரம் போனா புல்லு எழுந்து ஓடிடுமா?”

ஓடாதுதான். ஆனால் கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த அரசுக் கடிதத்தில் இருபதாம் தேதிக்குள் கணக்கு வேண்டும் என்று போட்டிருந்தது. நான் திருச்சியில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் காப்பாளர். காய்ந்த செடிகளை அட்டையில் ஒட்டி, பெயர் எழுதி, பூச்சி அரிக்காமல் அடுக்கி வைப்பது வேலை. இருபத்தைந்து வருடங்களுக்கு முன், வேலையில் சேர்ந்த புதிதில், எங்கள் பேராசிரியருடன் கல்வராயன் மலைக்குப் போய் ஒரு மேய்ச்சல் சரிவில் நான்கு சதுரக் கட்டங்களை அளந்து மூலைக்கு ஒரு கல் நட்டேன். ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக்கு இருபது மீட்டர். உள்ளே இருந்த செடி கொடிகளை எண்ணி எழுதினோம். வருடங்கள் கழித்து அதே இடத்தில் மறுபடி எண்ணினால் மலைப்புல் என்ன ஆகிறது என்று தெரியும் என்பது அவர் எண்ணம். அவர் காலமாகிவிட்டார். அந்தக் கற்கள் எங்கே இருக்கின்றன என்று அறிந்தவன் இப்போது கல்லூரியில் நான் மட்டும்தான்.

உளுந்தூர்பேட்டையில் பஸ் மாற வேண்டியிருந்தது. சாலையோர ஓட்டலில் இரண்டு தோசை. சாம்பாரில் மிளகாய் எங்கள் ஊரைவிட இரு மடங்கு. கண்ணில் நீர் வந்துவிட்டது. எதிர் பெஞ்சில் ஓர் ஆந்திர லாரிக்காரர் தன் கிளீனரிடம் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்தவரை அவர் சொன்னது இது: “புதன்கிழமை பொழுது சாயறதுக்குள்ள எல்லையைத் தாண்டிடணும். மாட்டினா வண்டிக்கடியிலேயே சமைச்சு, வண்டிக்கடியிலேயே தூங்க வேண்டியதுதான்.” கிளீனர் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. நான் இரண்டாவது தோசையைப் பாதியில் வைத்துவிட்டேன்.

கள்ளக்குறிச்சியில் என்னை அழைத்திருந்தது ஒரு மலைத்தோட்டத் திட்ட அலுவலகம். அதிகாரி கண்ணியமான மனிதர். நாற்காலி போடச் சொல்லி, விஷயத்தை நேராகச் சொன்னார்.

“மேல்நெல்லிக்காட்டுச் சரிவில் புல் இருக்கிறதா, போய்விட்டதா? அதுதான் எனக்கு வேண்டும். இருந்தால் ஊர் மேய்ச்சலுக்கே விட்டுவிடுவோம். புல் போய்ப் புதர் மண்டிவிட்டது என்றால் தரிசு என்று எழுதி, வேலி போட்டுத் தைலமரம் நட்டுவிடுவோம். ஐப்பசி மழைக்கு முன் கன்றுகள் மேலே ஏற வேண்டும். உங்கள் கணக்கு வந்த அன்றே சென்னைக்கு அனுப்பிவிடுவேன்.”

“என் கணக்கு மட்டும்தானா?”

“இருபத்தைந்து வருடக் கணக்கு வேறு யாரிடம் இருக்கிறது?”

இது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதை மறைக்காமல் இங்கே எழுதுகிறேன்.

15, செவ்வாய். அலுவலக ஜீப்பின் ஓட்டுநர் பாஷா கள்ளக்குறிச்சிக்காரர். வழி நெடுக மறியலைப் பற்றியே பேசினார். எந்தெந்த ஊரில் கோடாலிகளுக்குச் சாணை பிடிக்கிறார்கள், எந்தெந்தப் புளியமரத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள் என்று ஒரு பட்டியலே வைத்திருந்தார். “ரோட்டோரம் ஒரு மரம் நிக்காது சார். வெட்டி குறுக்கால போட்டுருவாங்க. இந்த பாஷா நாளைக்கு மூணு மணிக்கு மலைய வுட்டு எறங்கிடுவான். நீங்களும் வர்றதுன்னா வாங்க, இல்லன்னா ஒரு வாரம் களிதான்.”

நான் மேலேயே தங்கிவிடுவது என்று அப்போதே முடிவு செய்தேன். ஒரு வாரக் களி, ஒரு நாள் மறியலைவிட மேல் என்று பட்டது.

கச்சிராயபாளையம் தாண்டி ஏறத் தொடங்கியதும் பனிமூட்டம். இரண்டாவது வளைவில் ரேடியேட்டர் கொதித்து நின்றது. பாஷா ஒரு தகர டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனார். நான் வண்டியில் தனியாக நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் பள்ளம் இருந்தது தெரியும். எத்தனை அடி தள்ளி என்று தெரியவில்லை. கதவைத் திறந்து காலை வைத்துப் பார்க்கவும் துணிவில்லை.

மேல்நெல்லிக்காட்டில் முப்பது வீடுகள் இருக்கும். சடையன் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். 1962-இல் நாடாவின் மறுமுனையைப் பிடித்தவர் அவர்தான். இருவருக்கும் அப்போது இருபத்திரண்டு வயது. இப்போது அவருக்கு ஊரில் நல்ல மரியாதை. பெரிய குடும்பம், ஒன்பது எருமை, நான்கு பசு. அவர் மனைவி செல்லி வெந்நீர் வைத்துக் கொடுத்தார். ஆனால் ஊருக்குள் நடக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். என் பையிலிருந்து நாடா எட்டிப் பார்த்ததும் பேச்சு நின்றது. சாமை புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். ஒரு பெரியவர் எழுந்து நின்று கைகூப்பினார்.

“எல்லாம் அப்பிடியே இருக்குது சார். ஒண்ணும் தொடல.”

“சரிங்க” என்றேன். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அன்று மட்டும் அந்த வாக்கியத்தை மூன்று பேர் சொன்னார்கள்.

பிற்பகல் முதல் கட்டத்துக்குப் போனோம். பனியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. சடையன் முன்னால் நடக்க, அவர் சட்டையின் வெள்ளையைப் பார்த்துக்கொண்டே மாட்டுத் தடத்தில் ஏறினேன். திடீரென்று அவர் நின்றார். காலடியில் சிவப்புச் சாயம் மங்கிய என் கல். அதன் பின்னால் சுவர் மாதிரி புதர்.

1962 குறிப்பில் அந்த இடத்தைப் பற்றி இப்படி எழுதியிருந்தேன்: ‘முழங்கால் உயரப் புல். பெரும்பாலும் ஊசிப்புல், சுக்குநாறிப் புல். மரம் இல்லை.’ இப்போது என் தலைக்கு மேல் உண்ணிச்செடி. அதன் முள்ளை விலக்கினால் விராலி, ஈச்சம், நடுவில் என் தொடை பருமனுக்கு ஒரு கடுக்காய் மரம். புல் ஒரு தாள்கூட இல்லை. உள்ளே நுழையக் குனிந்தபோது காலருகே ஏதோ சரசரவென்று போனது. பாம்போ ஓணானோ, பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

“வாங்க சடையன், நாடாவைப் பிடிங்க.”

“நீங்க போங்க சார். நான் இங்கியே நிக்கறேன்.”

அவர் கல்லுக்கு வெளியே நின்றே நாடாவை நீட்டினார். ஒரு முழம் உள்ளே வந்திருந்தால் அளவு சரியாக இருந்திருக்கும், வரவில்லை. அவருக்கும் பாம்புப் பயம் என்று எண்ணிக்கொண்டேன்.

இரவு உணவு சாமைச் சோறும் கொள்ளுக் கடையலும். கொள்ளை இவ்வளவு ருசியாகக் கடையலாம் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் கொள்ளு என்றால் சளிக்கு ரசம். பாஷா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, “யக்கா, குதிர திங்கறத மனுசன் திங்கற மாதிரி ஆக்கிட்ட” என்றார். “குதிர இன்னொரு தபா போடச் சொல்லாது, நீ கேக்கற” என்றார் செல்லி.

16, புதன். அதே பனி. காலை ஆறரையிலிருந்து இரண்டு, மூன்று, நான்காம் கட்டங்கள். மூன்றும் முதலாவதைப் போலவே இருந்தன. நான்காவதில் முள் கிழித்து என் இடது முழங்கை முழுக்க ரத்தம். எங்கள் வேலை முறை, கட்டத்துக்கு உள்ளே இருப்பதை மட்டும் எழுதுவது. வெளியே என்ன இருக்கிறது என்று பார்த்தால் மனம் சாயும், கணக்குச் சாயும் என்று பேராசிரியர் சொல்லுவார். நான் வெளியே பார்க்கவில்லை. பார்த்தாலும் பனிதான்.

இருபத்தைந்து வருடம் என்பது ஒரு புல்வெளிக்கு இவ்வளவுதானா? நாங்கள் நின்று பேசிய இடம், சட்டையைக் கழற்றி உலர்த்திய இடம், அடையாளமே இல்லாமல் போயிருந்தது.

பாஷா இரண்டரைக்கே ஹாரன் அடித்தார். அவசரமாக ஒரு தாளில் முடிவை எழுதினேன்: ‘நான்கு கட்டங்களிலும் புல் முற்றிலும் அழிந்துவிட்டது. முள்புதரும் மரமும் மண்டியுள்ளன. விவரக் கணக்கு பின்னால் வரும்.’ கையெழுத்து, தேதி, பிற்பகல் 2.50. உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். ஜீப் சத்தம் பனிக்குள் தேய்ந்து மறைந்ததும், வேலையும் முடிந்தது, ஆபத்தும் கீழே போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தது.

17, வியாழன். விடியும்போதே வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. பனி இல்லை. நான்காம் கட்டத்தில் ஒரு பக்க அளவு ஒத்துவராமல் இருந்ததால் சரிபார்க்கக் கிளம்பினேன். சடையன் உடன் வந்தார். ஊர் மேட்டைத் தாண்டியதும் சரிவு முழுவதும் கண்ணில் பட்டது.

சரிவு முழுக்கப் புல்.

இந்த மேட்டிலிருந்து எதிர்ப்பாறை வரை, காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து எழும் புல். ஊசிப்புல் பூத்துச் செம்பழுப்பாக இருந்தது. எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. அதற்கு நடுவே கரும்பச்சையில் நான்கு சதுரங்கள். ஓரம் கத்தரித்தது போல நேராக இருந்தது. மலையில் எதுவும் அப்படி நேராக முளைக்காது. என் நாடா போட்ட கோட்டில் முளைத்திருந்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

“இன்னா சார், தல சுத்துதா?”

“சடையன், அந்த நாலு இடத்தில் மட்டும் ஏன் புல் இல்லை?”

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “நீங்கதான சார் சொன்னீங்க?”

“என்ன சொன்னேன்?”

“கல்லுக்குள்ள யாரும் கால் வெக்கக் கூடாது, மாடு வரக் கூடாது, நெருப்பு வரக் கூடாது. மீறுனா போலீசு வரும்னு. ஊர்ல எல்லாரையும் நிக்க வெச்சி சொன்னீங்க.”

பையிலிருந்து 1962 நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ‘கற்களைத் தொட வேண்டாம் என்று ஊராரிடம் சொன்னேன்.’ அவ்வளவுதான் இருந்தது. பேராசிரியர் என்னிடம் சொல்லச் சொன்னதும் அதுதான். மாடு வழக்கம் போல் மேயட்டும், வருடா வருடம் வைக்கும் நெருப்பை வைக்கட்டும், கல் மட்டும் நகராமல் இருக்கட்டும். ஆனால் போலீஸ் என்ற சொல் காதில் விழுந்ததும், அதைச் சொன்ன என் குரலும் நினைவுக்கு வந்தது. கல் நகர்ந்துவிடுமோ என்று பயந்தேன். உறுதியாக இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்துக்கொண்டே போனேன். சொன்னதை எழுத மறந்தேன்.

“இருபத்தைந்து வருடமாகவா?”

“வருசா வருசம்தான். பங்குனியில புல்லுக்கு நெருப்பு வெப்போம். பழசு வெந்தாதான் மழைக்குப் புதுசு துளிரு வுடும், மாடு திங்கும். வெக்கறதுக்கு மொத நாளு பத்தாளு போயி ஒங்க நாலு கட்டத்தையும் சுத்தி புல்ல செதுக்கி வுட்டுருவோம், நெருப்பு உள்ள பூந்துடாம.” அவர் இடது கையை நீட்டினார். விரல்கள் மூன்று ஒட்டியிருந்தன. தோல் மெழுகு போல். நான் இரண்டு நாளாகப் பார்த்தும், கேட்கவில்லை. “ஒரு வருசம் காத்து மாறி பூந்துடுச்சி. தழைய ஒடிச்சிக்கினு உள்ள ஓடி அணைச்சம்.”

“அன்று மட்டும் உள்ளே கால் வைத்தீர்களா?”

“வெச்சம் சார்.” குரலைத் தாழ்த்தினார். “அத எழுதிராதீங்க.”

நெருப்பும் மாடும்தான் இந்தச் சரிவில் புல்லைப் புல்லாக வைத்திருந்தன. இரண்டையும் என் சொல் தடுத்த இடத்தில் புதர் எழுந்துவிட்டது. நான் மலையைக் கணக்கெடுக்கவில்லை. என் மிரட்டலைத்தான் முள் முள்ளாக எண்ணி எழுதியிருந்தேன். அந்தத் தாள் நேற்று மாலையே கள்ளக்குறிச்சிக்குப் போயிருக்கும்.

வீட்டு வாசலில் வைத்து அவர்களிடம் சொன்னேன். செல்லி கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தார், துடுப்பை நிறுத்தினார்.

“புல்லு போச்சின்னு எழுதிட்டீங்களா? அதோ கண்ணு முன்னாடி ஆடுதேய்யா!”

“பனியில் பார்க்கவில்லை.”

“பனியில தெரியலன்னா எங்கள ஒரு வார்த்த கேக்க வாணாமா? வாயி இல்லியா எங்களுக்கு?”

“நீ சும்மா இரு” என்றார் சடையன்.

“நான் ஏன் சும்மா இருக்கணும்? ஒங்க கையப் பாத்தப்ப சும்மா இருந்தேன். இப்ப வேலி போட்டா பதிமூணு உருப்படிய எங்க ஓட்றது, என் மடியிலயா?”

அப்போது கீழிருந்து உப்பு மூட்டையோடு ஏறி வந்த ஒருவர், நேற்று இரவிலிருந்தே சாலை நெடுகப் புளியமரங்கள் விழுந்து கிடப்பதாகவும், ஒரு பஸ் எரிவதாகவும், துப்பாக்கிச் சத்தம் கேட்டதாக யாரோ சொன்னதாகவும் சொன்னார்.

உண்மையை எழுதிவிடுகிறேன். அரை மணி நேரம் நான் வாசலிலேயே உட்கார்ந்து சாக்குத் தேடினேன். என் தாளில் பொய் ஒன்றும் இல்லை, நான்கு கட்டங்களிலும் புல் இல்லைதான் என்று நினைத்துப் பார்த்தேன். மறியல் முடியட்டும் என்று நினைத்துப் பார்த்தேன். கல்லூரியில் என்ன கேட்பார்கள் என்றும் நினைத்தேன். அதற்குள் சடையன் செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒரு தடியை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

“குறுக்கு வழியில எறங்குனா மத்தியானத்துக்கு அடிவாரம் போயிரலாம் சார். அங்கேருந்து ரோட்டோரமா நடக்கணும்.”

“உங்களுக்குப் பயமில்லையா?”

“இருக்குது” என்றார். “கெளம்புங்க.”

காலை 8.40-க்குக் கிளம்பினோம். செல்லி களியை உருட்டி ஒரு தூக்கில் போட்டுக் கொடுத்தார். முகத்தைப் பார்க்காமல்தான் கொடுத்தார்.

அடிவாரத்திலிருந்து கள்ளக்குறிச்சி சாலை அடையாளம் தெரியவில்லை. இரண்டு பக்கமும் பந்தல் போட்டது போல் நின்ற புளியமரங்கள், குறுக்கும் நெடுக்குமாக விழுந்து கிடந்தன. வெட்டுவாயில் ஈரம் காயவில்லை. கிளைகளுக்கு அடியில் நுழைந்தும் அடிமரத்தில் ஏறி இறங்கியும் போனோம். ஒரு வண்டி இல்லை. திருச்சியில் கடையடைப்பு நாளில்கூட எங்கேயாவது ஒரு சைக்கிள் மணி கேட்கும். இங்கே ஈ பறப்பது கேட்டது.

ஏழாவது மரத்தைத் தாண்டும்போது, “நில்லு!” என்றது ஒரு குரல்.

இருபது பேர் இருப்பார்கள். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்கள். சிலர் கையில் கோடாலி. முன்னால் நின்றவருக்கு என் வயது இருக்கும்.

“யாரு? எந்தூரு? இன்னா ஆளு நீ?”

சாதியைக் கேட்ட மூன்றாவது கேள்விக்கு எந்தப் பதில் சரி, எந்தப் பதில் தப்பு என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொருவர் என் பையை வாங்கித் திறந்தார். நாடா வந்தது. பிறகு நோட்டு. விரித்துப் பார்த்தார், கட்டம் கட்டமாகப் போட்டு, மரம் 1, மரம் 2, பருமன் இவ்வளவு என்று எழுதியிருந்தது.

“தே, இங்க பாரு. மரம் எத்தினி சாஞ்சிதுன்னு கணக்கு எடுக்க அனுப்பிச்சிக்கிறாங்க. கேசு போட.”

அவர்கள் நெருங்கி வந்தார்கள். வேர்வை நாற்றமும் புளியம்பட்டை நாற்றமும் ஒன்றாக அடித்தது.

“யோவ், அவரு மரம் எண்றவரு இல்ல” என்றார் சடையன் பின்னாலிருந்து. “எங்க மலையில புல்ல எண்ண வந்தவரு.”

“எத?”

“புல்ல. புல்ல எண்றாரு. அதுக்கு சம்பளம்.”

யாரோ ஒருவர் ‘களுக்’ என்றார். பிறகு எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

“எண்ணி முடிச்சிட்டாரா?”

“தப்பா எண்ணிட்டாரு. அதச் சொல்லத்தான் ஓடறாரு. சொல்லலன்னா எங்க மேய்ச்சலுக்கு வேலி போட்ருவான்.”

முன்னால் நின்றவர் மட்டும் சிரிக்கவில்லை. நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். “நாங்க எத்தினி பேரு இருக்கறோம், எண்ணிப் பாத்து அதுக்குத் தக்கன படிப்புலயும் வேலையிலயும் எடம் குடுன்னுதான் கேக்கறோம். எங்கள எண்ண ஆளில்ல. புல்ல எண்ண ஆள் அனுப்பறான்.” பிறகு வழிவிட்டார். “ஓரமா போங்க. போலீசு வண்டி வந்தா காலுவாயில எறங்கிருங்க. நிக்காதீங்க.”

ஒரு பர்லாங்கு நடந்தோம். பிறகு ஒரு மதகின் மேல் உட்கார்ந்து களியைப் பிட்டுத் தின்றோம். இரண்டு தடவை வண்டிச் சத்தம் கேட்டுக் கால்வாயில் இறங்கினோம். இரண்டு தடவையும் வண்டி வரவில்லை.

மாலை 5.50-க்கு அலுவலகம். அதிகாரி இல்லை, மறியலுக்கு முந்திய நாளே விழுப்புரம் போனவர் திரும்ப முடியவில்லை. எழுத்தர் ஜெயராமன் மட்டும் வீட்டுக்குப் போக வழியில்லாமல் அங்கேயே தங்கியிருந்தார். மின்சாரம் இல்லை, எங்கோ மரம் விழுந்து கம்பி அறுந்திருந்தது.

“உங்க கவர் வந்துச்சி சார். தபால் பையில போட்டு அரக்கு வெச்சாச்சி. பஸ் இல்லாததால பை இங்கதான் கெடக்குது.”

நேற்றுவரை நான் அஞ்சிய மறியல்தான் அந்தப் பையை நிறுத்தி வைத்திருந்தது.

“எடுத்துக் கொடுங்கள்.”

“அரக்க ஒடைக்க எனக்கு அதிகாரம் இல்ல. காலையில ஆறரைக்கு போலீஸ் காவலோட ஒரு ஜீப் மெட்ராஸ் போவுது. பை அதுல போவும். நீங்க தனியா ஒரு தாள் எழுதிக் குடுங்க, பை மேலயே கட்டி வுட்றேன். மொதல்ல அதத்தான் பிரிப்பாங்க.”

என் டார்ச்சை வழியில் எங்கோ தவறவிட்டிருந்தேன். அலுவலகத்தில் மெழுகுவத்தி இல்லை, கடையும் இல்லை. ஜெயராமன் வைத்திருந்த பொரியையும் கடலையையும் மூவரும் பங்கிட்டுத் தின்றுவிட்டு, வராந்தாவில் படுத்தோம்.

18, வெள்ளி. காலை 5.45-க்கு எழுத்துத் தெரியும் அளவுக்கு வெளிச்சம் வந்தது. பல் துலக்காமல், முதல் வேலையாகத் தாளை எடுத்தேன். ‘16-ஆம் தேதியிட்ட என் முடிவு செல்லாது. மேல்நெல்லிக்காட்டுச் சரிவு முழுவதும் நல்ல புல்வெளி. நான்கு கட்டங்களில் மட்டும் புல் அழிந்துள்ளது. அதற்குக் காரணம் நான். 1962-இல் அங்கே மாடு மேயக் கூடாது, தீ வைக்கக் கூடாது என்று ஊராரை மிரட்டினேன்.’ எழுதி முடித்துச் சடையனுக்குப் படித்துக் காட்டினேன். தலையாட்டினார். ஜெயராமன் அதைப் பையின் மேல் சணல் போட்டுக் கட்டினார்.

“அப்ப அந்தக் கல்லுங்கள இன்னா பண்றது?” என்று கேட்டார் சடையன்.

“பிடுங்கிப் போடுங்கள். இனி ஒன்றும் இல்லை.”

“எழுதிக் குடுங்க சார்.”

“எதற்கு? நான்தான் சொல்கிறேனே.”

“வாயால சொன்னதுக்கே இருவத்தஞ்சி வருசம் ஆச்சி.”

இன்னொரு தாள் எடுத்தேன். ‘மேல்நெல்லிக்காட்டு நான்கு கட்டங்களின் கற்களைப் பிடுங்கலாம். உள்ளே யாரும் கால் வைக்கலாம். மாடு மேயலாம்.’

“நெருப்பும் வெக்கலாம்னு போடுங்க.”

“சடையன், தீ வைக்கலாம் என்று எழுத எனக்கு அதிகாரம் இல்லை.”

“அன்னிக்கு வெக்கக் கூடாதுன்னு சொல்றதுக்கு மட்டும் இருந்துச்சா?”

வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ‘தீயும் வைக்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். தேதி போட்டேன். மணி 6.25. சடையன் தாளை வாங்கி நான்காக மடித்து, இடுப்பு வேட்டியில் செருகி, இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.